வீட்டிலேயே கற்பிக்கப்படுகிறாள்

வீட்டிலேயே படிப்பு என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு இன்றும் உடம்பு பற்றி எரியும். எங்கள் செம்பூர் கட்டடத்தில் போன மாதம் ஒரு சின்னப் பெண் வந்தாள். தன் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் தானே கற்பிக்கப் போகிறாளாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாளாம். நல்ல பெண், நல்ல எண்ணம்தான். ஆனாலும் நான் வெடுக்கென்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. அவளிடம் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். சட்டத்தில் இடம் உண்டு, அம்மா. அந்த இடத்தில் உட்கார வைத்துத்தான் என் அப்பா என் படிப்பை முடித்தார்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மாட்டுங்காவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு சமையல் அறையும். அப்பாவுக்கு ஃபோர்ட்டில் சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க் உத்தியோகம். இங்கிலீஷில் டிராஃப்ட் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று எங்கள் தெருவே சொல்லும். வீட்டு வாடகைத் தகராறு, பிராவிடண்ட் ஃபண்ட் பாக்கி, மாற்றல் ரத்து என்று எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் கையில் காகிதத்தோடு எங்கள் வாசலில் நிற்பார். அப்பா காசு வாங்க மாட்டார். புகழ்ச்சி மட்டும் வாங்கிக்கொள்வார். அந்தக் காகிதங்களைப் பற்றி எனக்கு அப்போது ஒரே பெருமை. அதை நினைத்தால் இன்று பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நான் இரண்டாம் வகுப்பு முடித்து மூன்றாம் வகுப்புக்குப் போயிருந்த ஜூன் மாதத்தில் தம்பி பிறந்தான். பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்கு விடாத காய்ச்சல். அம்மா எழுந்து நடமாடும் வரை ஒரு மாதம் நான் வீட்டில் இருக்கட்டும் என்று அப்பா சொன்னார். சரி என்றேன். அம்மா படுத்துக் கிடக்கிறாள், நான் பார்த்துக்கொள்ளாமல் யார் பார்ப்பது? அண்ணா என்னைவிட நாலு வயது பெரியவன். அவன் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு மாதம் வீட்டில் இருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

அம்மா ஆடி மாதத்திலேயே எழுந்துவிட்டாள். நான்தான் பள்ளிக்குப் போகவில்லை. காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து நிரப்ப வேண்டும். தம்பியின் துணிகளைத் துவைக்க வேண்டும். ரேஷன் கடை வரிசையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், குழந்தையோடு நின்றால் சில சமயம் முன்னால் விடுவார்கள். என்னுடைய மூன்றாம் வகுப்பு வாசகப் புத்தகத்தை முதல் வாரத்திலேயே கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். அதைத் திரும்பத் திரும்பப் படித்து, எந்தப் பாடம் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. நான்காம் வகுப்புப் பரீட்சையில் நன்றாகத் தேறினால் பெண்கள் ஹைஸ்கூலில் சேர்த்துக்கொள்வார்கள் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தாள். அந்தப் பரீட்சைதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் முனிசிபாலிட்டியிலிருந்து நோட்டீஸ் வந்தது. எங்கள் வார்டில் கட்டாயக் கல்விச் சட்டம் இருந்தது. ஆறு வயது முடிந்த பிள்ளையைப் பதினோரு வயது முடியும்வரை பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும். அனுப்பாத தகப்பனாருக்கு முதலில் நோட்டீஸ், பிறகு விசாரணை, பிறகு அபராதம். என் பெயர் போட்டு ஒரு காகிதம் வந்தது அதுதான் முதல் தடவை. அதை நான் தொட்டுப் பார்த்தேன். சர்க்கார் எனக்காக எங்கள் அப்பாவைக் கேள்வி கேட்கிறது! ஒரு வாரத்தில் பள்ளிக்குப் போய்விடுவேன் என்று நினைத்து, பையைத் தட்டித் துடைத்து ஆணியில் மாட்டி வைத்தேன்.

அப்பா அந்த நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். கோபப்படவில்லை. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது, நல்ல வேலை கிடைத்த மனிதனின் முகம். அடுத்த நாள் ஆபீசிலிருந்து வரும்போது சட்டத்தின் நகலை எங்கிருந்தோ வாங்கி வந்துவிட்டார். விதிவிலக்குகள் இருந்தன. பிள்ளை நோயாளியாக இருந்தால் விலக்கு. பக்கத்தில் பள்ளி இல்லாவிட்டால் விலக்கு. பிள்ளை வேறு இடத்தில் திருப்தியான முறையில் கல்வி பெற்றுவந்தால் விலக்கு. இந்த மூன்றாவதின்மேல் அப்பா பென்சிலால் கோடு போட்டார்.

வீட்டில் கற்பிப்பதென்றால் சட்டத்துக்குச் சில விஷயங்கள் வேண்டும். கற்பிப்பவர் யார், அவருக்கு என்ன தெரியும், எந்தெந்தப் பாடம், தினம் எத்தனை மணி நேரம், பிள்ளை எழுதிய நோட்டுகள் எங்கே. ஆபீஸர் எப்போது வேண்டுமானாலும் வந்து பிள்ளையைச் சோதிக்கலாம். நியாயமான கேள்விகள்தான். உண்மையாகக் கற்பிக்கிறவர்கள் சிரமமில்லாமல் பதில் சொல்லிவிடலாம். அப்பாவும் சிரமமில்லாமல் பதில் சொன்னார். ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்து எடுத்து வந்த அந்த மனுவை அவர் அண்ணாவுக்கு வாசித்துக் காட்டி, இங்கிலீஷ் எப்படி எழுத வேண்டும் என்று அதை வைத்துப் பாடமே நடத்தினார். காலை ஏழு முதல் எட்டு வரை கணக்கு, தகப்பனார் கற்பிக்கிறார். பத்து முதல் பன்னிரண்டு வரை தமிழ் வாசிப்பும் எழுத்தும், தாயார் கற்பிக்கிறார். பிற்பகல் பூகோளமும் தையலும். மாலையில் ஸ்லோகம், அதற்கு நீதி போதனை என்று பெயர். பள்ளிக்கூடத்தின் சூழ்நிலை எங்கள் குடும்பத்துப் பெண்ணுக்கு ஏற்றதாக இல்லை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். தாராவியிலிருந்து வரும் பிள்ளைகள் என் பக்கத்தில் உட்கார்வதுதான் அந்தச் சூழ்நிலை.

அட்டவணையில் இருந்த ஒரு மணி நேரம்கூட எங்கள் வீட்டில் நடந்ததில்லை. காலை ஏழு முதல் எட்டு வரை அப்பா குளித்து, பூஜை செய்து, சாப்பிட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுவார். பத்து முதல் பன்னிரண்டு வரை அம்மா அரைத்துக்கொண்டோ துவைத்துக்கொண்டோ இருப்பாள், அல்லது தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுருண்டு படுத்திருப்பாள். அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். எனக்குச் சொல்லித்தந்திருக்கவும் முடியும். அதற்கு அவளுக்கு நேரம் வேண்டாமா? மனுவில் மட்டும் அவள் தினம் இரண்டு மணி நேரம் டீச்சராக இருந்தாள்.

ரேஷன் வரிசையில் ஒரு நாள் என் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பார்த்தேன். தாராவியில் இருந்தவள். அவள் வாப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே தோல் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் அதே நோட்டீஸ் போயிருந்தது. வீட்டில் உதவிக்கு என்று அவளையும் நிறுத்தியிருந்தார்களாம். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“எங்க வாப்பாக்கு இங்கிலீசு தெரியாதுல்லா. நோட்டீசப் பாத்ததும் பயந்துட்டாவ. நாளைக்கே பள்ளிக்கொடம் போயிரு தாயின்னு சொல்லிட்டாவ” என்றாள்.

அவள் மறுநாளே போய்விட்டாள். நான் தம்பியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். இங்கிலீஷ் தெரியாத அப்பா எனக்கு வாய்க்கவில்லையே என்று அன்று அழுதேன். அதைவிட ஆத்திரம் தரும் விஷயம், அது உண்மையாகவே ஒரு துரதிர்ஷ்டம்.

தீபாவளி முடிந்து ஒரு சனிக்கிழமை பிற்பகல், முன்னதாகவே கடிதம் போட்டுவிட்டு, ஆபீஸர் வந்தார். கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியும் போட்ட நடுவயது மராத்திக்காரர். வெயிலில் நடந்து வந்திருந்தார். அப்பா அவருக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுக்கச் சொல்லி, இங்கிலீஷில் பேசினார். மேஜைமேல் என் நோட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவை என்னுடையவை அல்ல, அண்ணாவின் பழைய மூன்றாம் வகுப்பு நோட்டுகள். முந்தின நாள் மாலை அண்ணா உட்கார்ந்து அவற்றுக்குப் புதிய பழுப்புக் காகித அட்டை போட்டு, என் பெயரை எழுதியிருந்தான். அவனுக்கும் அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது.

ஆபீஸர் நோட்டுகளைப் புரட்டினார். எனக்கு இரண்டு கூட்டல் கணக்குப் போட்டுக் கொடுத்தார், செய்தேன். பிறகு தமிழில் ஏதாவது ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும்படி அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னிடம் ஸ்லேட்டைக் கொடுக்கவில்லை, வெள்ளைக் காகிதமும் மைப் பேனாவும் கொடுத்தார். எழுத்து அழகாகத் தெரிய வேண்டுமல்லவா? நான் என் கையெழுத்தில் இருக்கிற அழகையெல்லாம் கூட்டி எழுதினேன்: “எனக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை.”

ஆபீஸருக்குத் தமிழ் தெரியாது. எனக்காக நோட்டீஸ் அனுப்பிய அதே சட்டம் தமிழ்ப் பிள்ளைகளைச் சோதிக்கத் தமிழ் தெரியாதவரை அனுப்பியிருந்தது. அவர் காகிதத்தை அப்பாவிடம் நீட்டினார். அப்பா படித்தார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதே குரலில், அதே மரியாதையோடு, இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஆபீஸர் தலையை ஆட்டினார், என்னைப் பார்த்துச் சிரித்தார், என் எழுத்தைச் சுட்டிக் காட்டி நன்றாக இருக்கிறது என்று இந்தியில் பாராட்டினார். பிறகு பேனாவை எடுத்து அந்த வாக்கியத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

அவர் போன பிறகு அண்ணாவிடம் கேட்டேன், அப்பா என்ன சொன்னார் என்று. பசும்பால் உடம்புக்கு நல்லது, தினமும் குடிக்க வேண்டும் என்று நான் எழுதியிருப்பதாகச் சொன்னாராம். அண்ணாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அந்தக் காகிதத்தைப் பத்திரமாகத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார். வீட்டுக் கல்வி திருப்திகரமாக இருக்கிறது, ஒரு வருஷத்துக்கு விலக்கு என்று பத்து நாளில் உத்தரவு வந்தது. அழகாக எழுதியதால் வந்த வினை. நான் கோணலும் மாணலுமாகக் கிறுக்கியிருந்தால் அந்த மனிதர் என்னைப் பள்ளிக்கு அனுப்பியிருப்பார்.

அதனால் அடுத்த தடவை முட்டாளாக இருப்பது என்று முடிவு செய்தேன். ஒன்பது பத்து வயதுப் பிள்ளை எடுத்த முடிவு அது. அடுத்த மழைக்காலத்தில் அதே ஆபீஸர் வந்தார். இந்தத் தடவை தமிழில் ஒன்றும் எழுதக் கூடாது, எண்களுக்குத்தான் அப்பாவின் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று யோசித்து வைத்திருந்தேன். ஏழெட்டு எவ்வளவு என்று அவர் இந்தியில் கேட்டார். பதினைந்து என்று எழுதினேன். நூற்றிலிருந்து முப்பத்தாறு போனால்? நூற்று முப்பத்தாறு. அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவளுக்குத் தெரியும், வெட்கப்படுகிறாள் என்று அவர் ஆபீஸரிடம் சொல்லியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய்க்குள் எட்டாம் வாய்ப்பாடு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. அதை விழுங்குவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆபீஸர் எழுதிக்கொண்டு போனார். கதவு மூடியதும் கன்னத்தில் ஒன்று விழுந்தது. வலித்தது. வலித்ததைவிட வேறொன்று எனக்கு இன்றும் மறக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக எனக்கு ஒரு எழுத்துச் சொல்லித்தராத மனிதர், தன் பெண் மக்காகத் தெரிந்துவிட்டாள் என்று அவமானப்பட்டு அடித்தார்.

பதினைந்து நாளுக்குள் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஹெட் கிளார்க்கின் கைவரிசை எனக்கு அப்போது தெரியாது. ஒரு காரியம் நடக்கக் கூடாது என்றால் அவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள், ஃபைலை நடக்க விடுவார்கள். அப்பா முதலில் உத்தரவின் நகல் கேட்டு எழுதினார். நகல் வந்ததும் அதில் வீட்டு எண் தவறு என்று எழுதினார். பிறகு என் உடல்நிலை பற்றி டாக்டர் சர்டிபிகேட்டுக்கு அவகாசம் கேட்டார். பிறகு நேரில் விளக்க அனுமதி கேட்டார், குறித்த தேதியில் ஆபீஸ் வேலை என்று வேறு தேதி கேட்டார். ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் வர மூன்று வாரம், நாலு வாரம். அப்பா எதற்காகக் காத்திருக்கிறார் என்று மாசி மாதத்தில்தான் எனக்குப் புரிந்தது. மாசியில் எனக்குப் பதினொன்று முடிந்தது. அன்று பாயசம் வைத்தார்கள். பெண்ணுக்குப் பதினோரு வயது முடிந்துவிட்டது, ஆகவே சட்டம் இனி அவளைக் கட்டாது என்று அப்பா அன்று காலையே தன் கடைசிக் கடிதத்தைத் தபாலில் சேர்த்திருந்தார்.

அங்கேதான் அவர் சறுக்கினார். எங்கள் ஜனங்களைத் தவிர வேறு யாரும் அப்படிச் சறுக்கியிருக்க மாட்டார்கள்.

மாட்டுங்காவில் உத்தியோகக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வயதில் ஒன்று ஒன்றரை குறைத்துக் கொடுப்பார்கள். பின்னால் அவன் சர்க்கார் வேலைக்குப் போனால் ஐம்பத்தைந்தில் ரிடையர் ஆக வேண்டுமே, காகிதத்தில் வயது குறைந்திருந்தால் கூட ஒரு வருஷம் சம்பளம் வாங்கலாம். அண்ணாவுக்கு அப்பா அப்படித்தான் கொடுத்திருந்தார். அதே பள்ளியில் என்னைச் சேர்க்கப் போனபோது அவர் கை தானாகவே அதைச் செய்துவிட்டது. நான் எந்த உத்தியோகத்துக்குப் போகப் போகிறேன், எந்த பென்ஷன் வாங்கப் போகிறேன்? ஒன்றும் யோசிக்காமல், பிள்ளை என்றால் ஒரு வருஷம் குறை என்று குறைத்து எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு மறந்துபோனார்.

ஆபீஸர் பள்ளிக்குப் போய் ரிஜிஸ்தரைப் பார்த்துவிட்டார். ஒரு நாள் காலை, அப்பா ரயிலுக்குக் கிளம்பும் நேரம், அந்தப் பக்கத்தின் நகலோடு வாசலில் நின்றார். அதில் எனக்குப் பத்து வயதுதான் முடிந்திருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து. எது சரி என்று அவர் அப்பாவைக் கேட்டார். அப்பாவுக்கு வாயடைத்துப் போனதை நான் என் வாழ்க்கையில் அன்று ஒரு தடவைதான் பார்த்தேன். ரிஜிஸ்தர் பொய் என்றால் பொய் எழுதிக் கொடுத்தவர் அவர். அதே ரிஜிஸ்தரில் நாலு வருஷப் பக்கம் முன்னால் புரட்டினால் அண்ணாவின் பொய்யும் வெளியே வரும். ஜாதகத்தை எடுத்துக் காட்டுகிறேன் என்பதுபோல் ஏதோ முணுமுணுத்தார். ஆபீஸர் அவரை விட்டுவிட்டு, சமையல் அறை வாசலில் தம்பியோடு நின்றுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டார்.

அந்நிய ஆண்பிள்ளை கேள்விக்கு அம்மா பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா பதில் சொல்வார், அல்லது அண்ணாவை விட்டுச் சொல்லச் சொல்வாள். அன்று அவளே, காய்கறிக்காரியிடம் கற்றுக்கொண்டிருந்த மராத்தியில், நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்.

“மீ ஆயி ஆஹே. மலா மாஹித் ஆஹே. தஹா.”

நான் தாய், எனக்குத் தெரியும், பத்து என்றாள். என்னைப் பெற்றவள், எந்த வருஷம் எந்த நாழிகையில் பெற்றோம் என்று தெரிந்தவள், கண் கொட்டாமல் ஒரு வருஷத்தை விழுங்கிவிட்டாள். ஆபீஸர் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை என்னைச் சேர்க்காவிட்டால் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று அப்பாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவைக் கேட்டார். அம்மா தம்பியைக் கீழே விட்டுவிட்டு அமைதியாகச் சொன்னாள்: “நீங்க எழுதிக் கொடுத்ததுதானே. அதைப் போய்ப் பொய்னு நான் எப்படிச் சொல்லுவேன்?”

அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதே சமயம் அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். இந்த வாயை அவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் திறந்திருக்கலாமே.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் மேலே போயிருந்தார்கள், தாராவித் தோழியும் போய்விட்டாள். என்னைவிட ஒரு தலை குள்ளமான பிள்ளைகளோடு பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு அது பற்றி வெட்கமே இல்லை. இரண்டு மாதத்தில் மூன்றாம் வகுப்புப் பரீட்சையில் தேறினேன். ஜூன் முதல் நான்காம் வகுப்பு. பாக்கி வேலைகள் அப்படியேதான் இருந்தன, தண்ணீரும் துணியும் காலையிலும் மாலையிலும் செய்தேன். ஆனால் பத்து மணி முதல் ஐந்து மணி வரை நான் யாருக்கும் தம்பி தூக்கும் பெண் இல்லை. வகுப்பில் முதலாக வந்தேன். ஏப்ரலில் அந்தப் பரீட்சை.

மறுபடியும் மாசி வந்தது. இப்போது ரிஜிஸ்தர்படியும் எனக்குப் பதினொன்று முடிந்தது. அப்பா அன்று அரை நாள் லீவு போட்டார். எனக்காக அவர் லீவு போட்டது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கு வந்து ஹெட்மாஸ்டரிடம் கடிதம் கொடுத்து என் பெயரை எடுத்துவிட்டார். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஒரே ஒரு மாதம் என்று ஹெட்மாஸ்டரும் சொல்லிப் பார்த்தார். சட்டப்படி முடிந்துவிட்டது, மேற்கொண்டு அனுப்புவதும் அனுப்பாததும் என் இஷ்டம் என்று அப்பா பதில் சொன்னதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

மறுநாள் ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டுத் தாதர் பக்கம் அந்த ஆபீஸரின் ஆபீசுக்கு நடந்தே போனேன். யாரிடமும் வழி கேட்கவில்லை, கடிதங்களின் தலைப்பில் இருந்த விலாசம் எனக்கு மனப்பாடம். அவருக்கு என்னைத் தெரிந்தது. எனக்கு வந்த பஜார் இந்தியில், பரீட்சை வரை என்னை அனுப்பும்படி உத்தரவு போடுங்கள் என்று கேட்டேன். அவர் என் ஃபைலை எடுத்துப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. பதினொன்றுக்கு மேல் தனக்குச் சட்டம் இல்லை என்றார். அப்படியானால் வீட்டில் கற்பிப்பதாக அப்பா எழுதினாரே, அதையாவது செய்யும்படி உத்தரவு போடுங்கள் என்றேன். அதுவும் பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் மட்டும்தானாம். பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதற்காக, நீ ஒன்றும் வருத்தப்படாதே, படிப்பில் கொஞ்சம் மந்தம் என்றுதான் இங்கே எழுதியிருக்கிறது, எல்லாருக்கும் படிப்பு வராது என்றார். அது நடிப்பு என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஃபைலை நாடாவால் கட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். மாலையில் அப்பா வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் போய் நின்றேன்.

“நான் பரீட்சை எழுதணும்ப்பா. இல்லேன்னா ரிஜிஸ்தர்ல அண்ணா வயசும் பொய்னு அந்த ஆபீஸர்கிட்ட எழுதிக் கொடுத்துடுவேன்.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அண்ணா மறு வருஷம் மெட்ரிக் எழுதப் போகிறவன். வயதில் வில்லங்கம் வந்தால் உத்தியோகத்துக்கே வில்லங்கம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார்.

“யாரும் இல்லே. ஆத்துலதானே படிச்சேன்” என்றேன்.

அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. மறுநாள் என்னைப் பள்ளிக்குப் போகச் சொன்னார். ஏப்ரலில் பரீட்சை எழுதினேன். வார்டிலேயே நல்ல மார்க் வாங்கியவர்களில் என் பெயரும் இருந்தது. டீச்சர் வீடு தேடி வந்து, பெண்கள் ஹைஸ்கூலில் இடம் இருக்கிறது, ஜூன் முதல் வாரத்தில் அழைத்து வாருங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் பிறந்தது. அப்பா ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்வரை காத்திருந்தேன். ஹைஸ்கூலில் சேர வேண்டும் என்றேன். இல்லாவிட்டால், என்று ஆரம்பித்தேன். அப்பா என்னை நிறுத்தச் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடமே கொடுத்தார். கோர்ட் முத்திரை குத்திய காகிதம். அண்ணாவின் பிறந்த தேதி ரிஜிஸ்தரில் இருப்பதுதான் என்று மாஜிஸ்டிரேட் முன்னால் சத்தியம் செய்து வாங்கியிருந்தார். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அந்த ஒரு மாதத்தில் அவர் இதைச் செய்திருக்கிறார். இனி நான் யாரிடம் போய் என்ன எழுதிக் கொடுத்தாலும் அண்ணாவுக்கு ஒன்றும் ஆகாது.

காகிதத்தை இரண்டு தடவை படித்தேன். அண்ணா பெயர் மட்டும்தான் இருந்தது. என்னுடையது எங்கே என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்பா அதை என் கையிலிருந்து வாங்கி மடித்து உள்ளே வைத்தார். கோபமே இல்லாமல், நியாயமான ஒரு விஷயத்தை விளக்குகிறவரைப்போல் சொன்னார்: “உன்னோடது எப்படி இருந்தா என்ன. உன் வயசை யார் கேக்கப்போறா?”